எரிகோ சாலையைச் சரிசெய்வது யார்?

நவம்பர் மாதம், இறந்த நம் உறவுகளைத் திருச்சபை சிறப்பாக நினைவுகூரும் மாதம். கல்லறைகளைத் தூய்மை செய்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, நம்மைவிட்டுப் பிரிந்தவர்களுக்காகச் செபிக்கிறோம். இதே நவம்பரின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையை, சாலை விபத்துகளில் இறந்தவர்களை நினைவுகூரும் உலக நாளாக ஐக்கிய நாடுகள் நிறுவனம் 2005ஆம் ஆண்டில் அறிவித்தது. நம் பங்குகளின் கல்லறைத் தோட்டங்களைச் சுற்றி வருகிறவர்களுக்கு இந்த நாளின் தேவை தனியாகச் சொல்லாமலே விளங்கும். இருபது வயதிலும் முப்பது வயதிலும் மறைந்தவர்களின் பெயர்களைத் தாங்கிய கற்கள் அங்கே எத்தனை! அவற்றில் பலவற்றின் பின்னால் ஒரு சாலையின் கதை இருக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. அவற்றில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடுதான். 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். அதாவது, நம் மாநிலத்தில் மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 பேர் வீடு திரும்பவில்லை. உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் சாலைகளில் இறக்கின்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2023ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. 5 வயது முதல் 29 வயது வரையுள்ளவர்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் முதலிடத்தில் நிற்பது நோயல்ல, சாலை விபத்து என்பதும் அதே அறிக்கை தரும் செய்தி.

இறந்தவர்கள் யார் என்று கேட்டால் இன்னொரு உண்மை தெரிகிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நாளொன்றுக்கு 90 பேர். இருசக்கர வாகனத்தில் சென்று இறந்தவர்கள் 74,897 பேர். இவர்களோடு மிதிவண்டியில் சென்றவர்களையும் சேர்த்தால், இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தங்களைச் சுற்றி இரும்புக் கூடு இல்லாதவர்கள். சந்தைக்கு நடந்தவர்கள், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள், வேலை முடிந்து பேருந்து பிடிக்கச் சாலையைக் கடந்தவர்கள். சாலையில் யாருக்கு ஆபத்து விளைவிக்கும் ஆற்றல் மிகக் குறைவோ, அவர்களே அதிகம் இறக்கிறார்கள்.

விபத்துச் செய்தி ஒன்றைக் கேட்டதும் நம் வாயில் முதலில் வரும் சொல், 'கவனக்குறைவு' என்பது. 'பார்த்துப் போயிருக்கக் கூடாதா?', 'குறுக்கே ஓடியிருக்கிறார்', 'பையன் வேகமாகப் போயிருக்கிறான்' என்கிறோம். கவனக்குறைவும் குடிபோதையும் அளவு மீறிய வேகமும் பல உயிர்களைக் குடிக்கின்றன என்பதில் ஐயமில்லை. தலைக்கவசம் அணிவது, குடித்துவிட்டு ஓட்டாதிருப்பது, ஓட்டும்போது கைபேசியைத் தொடாதிருப்பது எல்லாம் நம் ஒவ்வொருவரின் கடமை. ஆனால், ஒரே சாலையின் ஒரே திருப்பத்தில், ஒரே பேருந்து நிறுத்தத்தின் எதிரில், ஆண்டுதோறும் வெவ்வேறு மனிதர்கள் அடிபடும்போது, அத்தனை பேருக்கும் அதே இடத்தில்தானா கவனம் குறைந்தது என்ற கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். அந்த இடம் அமைக்கப்பட்ட விதத்தில் ஏதோ பிழை இருக்கிறது என்பதே அதற்கான நேர்மையான பதில்.

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியர் உவமையை நாம் அனைவரும் அறிவோம். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் சாலையில் அடிபட்டுக் கிடந்தவரைத் தூக்கிச் சென்று காப்பாற்றிய அந்த மனிதரைப் பற்றி எத்தனையோ மறையுரைகளைக் கேட்டிருக்கிறோம். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்த மார்ட்டின் லூத்தர் கிங், 1967ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி நியூயார்க் நகரின் ரிவர்சைடு ஆலயத்தில் ஆற்றிய உரையில், இந்த உவமையை எடுத்துக்கொண்டு ஒரு படி மேலே சென்றார். அடிபட்டவருக்கு உதவுவது தொடக்கம் மட்டுமே, பயணிகள் தொடர்ந்து அடிபடாதபடி அந்த எரிகோ சாலையையே மாற்றியமைக்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். அவர் பேசியது போரையும் வறுமையையும் பற்றி. ஆனால், அவருடைய கருத்து நம் ஊர்ச் சாலைகளுக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது.

நல்ல சமாரியர் செய்த பணியில் நம் மாநிலம் நல்ல முன்னேற்றம் கண்டுள்ளது. 2008ஆம் ஆண்டு முதல் 108 ஆம்புலன்ஸ் சேவை இயங்கிவருகிறது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவரை வழக்கு, விசாரணை என்று அலைக்கழிக்கக் கூடாது என்று 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. இவையெல்லாம் நன்றியோடு நினைக்க வேண்டியவை. ஆயினும் இவை அனைத்தும் அடிபட்ட பிறகு வருபவை. அடிபடாமல் தடுக்கும் சாலையை அமைக்கும் வேலை இன்னும் பெரும்பாலும் பாக்கியாகவே இருக்கிறது.

சாலை எப்படி ஒருவரைக் கொல்லும்? இதைப் புரிந்துகொள்ளப் பொறியியல் படிப்பு தேவையில்லை. முதல் காரணம் வேகம். 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் நேர்ந்த சாலை மரணங்களில் 10க்கு 7, அளவு மீறிய வேகத்தால் விளைந்தவை என்று அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால், உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 விழுக்காடு கூடுகிறது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் மோதுவதைவிட, 65 கி.மீ. வேகத்தில் வரும் கார் மோதும்போது நடந்து செல்பவர் இறக்கும் வாய்ப்பு நான்கரை மடங்கு அதிகம். வேகத்தைக் கூட்டுவது ஓட்டுநரின் கால் மட்டுமல்ல, சாலையின் அமைப்பும்தான். ஊருக்கு நடுவே ஓடும் ஒரு தெருவை அகலமாக, நேராக, வழவழப்பாகப் போட்டு, நடுவில் எந்தத் தடங்கலும் இல்லாமல் விட்டுவிட்டு, ஓரத்தில் '30 கி.மீ. வேகத்தில் செல்க' என்று ஒரு பலகை வைத்தால் யார் கேட்பார்கள்? பலகை மெதுவாகப் போகச் சொல்கிறது, சாலையோ விரைந்து போகச் சொல்கிறது. ஓட்டுநர் சாலையின் பேச்சைத்தான் கேட்கிறார்.

இரண்டாவது, நடப்பதற்கு இடமில்லாமை. நம் நகரங்களில் நடைபாதையே இல்லாத தெருக்கள் ஏராளம். இருக்கும் இடங்களிலும் அதன் நிலை நமக்குத் தெரியும். பத்தடி நடந்தால் ஒரு டிரான்ஸ்பார்மர், அடுத்த பத்தடியில் உடைந்த சிமெண்ட் பலகை, அதற்கடுத்து வரிசையாக நிறுத்திய மோட்டார் சைக்கிள்கள், பிறகு ஒரு வீட்டின் வாசலுக்குப் போடப்பட்ட சரிவு. முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டி இப்படி ஏறி இறங்கி ஏறி இறங்கி எவ்வளவு தூரம் நடப்பார்? அவர் சாலைக்கு இறங்கிவிடுகிறார். அங்கே பின்னால் வரும் பேருந்து அவருக்கு ஒலி எழுப்புகிறது. 'நடைபாதை இருக்கும்போது ரோட்டில் ஏன் நடக்கிறார்?' என்று நாமும் சலித்துக்கொள்கிறோம்.

நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே தெளிவான அளவுகள் உள்ளன. இந்தியச் சாலைகள் பேரவை 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, தடையின்றி நடக்கக்கூடிய பகுதி குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடந்து செல்லும் அகலம் அது. கடைத்தெருக்களில் அது இன்னும் கூடுதலாக வேண்டும். நடைபாதையின் உயரம் சாலையிலிருந்து 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. மின்கம்பம், மரம், பெயர்ப்பலகை ஆகியவற்றுக்கு நடக்கும் பகுதிக்கு வெளியே தனி இடம் ஒதுக்க வேண்டும். இப்படி விதி இருக்கும்போது, இரண்டடி உயரத்தில், மழைநீர் வடிகாலின் மூடியையே நடைபாதை என்று சொல்லிக் கட்டுவது எப்படி நியாயமாகும்?

மூன்றாவது, சாலையைக் கடக்கும் வசதி இன்மை. பள்ளி ஒருபுறம், பேருந்து நிறுத்தம் மறுபுறம் என்றால், மக்கள் அந்த இடத்தில் கடக்கத்தான் செய்வார்கள். அரைக் கிலோமீட்டர் தள்ளி ஓர் இடத்தில் கடக்கச் சொன்னால் யாரும் போகமாட்டார்கள். நடைமேம்பாலம் கட்டிவிட்டோமே என்று சிலர் சொல்கிறார்கள். நாற்பது, ஐம்பது படிகள் ஏறி இறங்க, கர்ப்பிணிப் பெண்ணாலும் சுமை தூக்கி வரும் தொழிலாளியாலும் சக்கர நாற்காலியில் இருப்பவராலும் முடியுமா? மின்தூக்கி வைத்த இடங்களிலும் அது வேலை செய்யாமல் நிற்பதைப் பார்க்கிறோம். இருளடைந்த மேம்பாலத்தில் இரவு ஒன்பது மணிக்குத் தனியே ஏற ஒரு பெண்ணுக்குத் துணிவு வருமா? கார் தரையிலேயே தடையின்றி ஓட வேண்டும் என்பதற்காக மனிதர் மாடி ஏறி இறங்க வேண்டும் என்று திட்டமிடுவது முறையா? ஊருக்குள் செல்லும் சாலைகளில், தரை மட்டத்திலேயே, நடைபாதையின் உயரத்துக்கு மேடாக்கிய கடக்குமிடம், நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு, தேவையான இடத்தில் சிக்னல் விளக்கு ஆகியவையே பலருக்கும் பயன்படும்.

தெருவை எல்லாருக்கும் உரியதாக அமைப்பது என்றால் இதுதான். எட்டு வயதுக் குழந்தை, எண்பது வயது முதியவர், கண் தெரியாதவர், சக்கர நாற்காலியில் வருபவர், மிதிவண்டியில் பால் கொண்டுவருபவர், பேருந்துக்குக் காத்திருப்பவர், தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர், ஆட்டோ ஓட்டுநர், கார் ஓட்டுநர் என்று அனைவரையும் மனதில் வைத்துத் தெருவை வரைவது. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். நம் தெருக்களில் அவர்களை நாம் அதிகம் பார்ப்பதில்லை. அவர்கள் வெளியே வர விரும்பாமல் இல்லை. வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை அவர்களுக்கு வழியில்லை. சாய்தளமும் சமமான நடைபாதையும் இல்லாத ஒரு தெரு, அவர்களைப் பூட்டு இல்லாமலே வீட்டுக்குள் அடைத்துவைக்கிறது.

இவ்விடத்தில் இரண்டு எதிர்ப்புகள் வழக்கமாக எழும். இரண்டுமே செவிமடுக்கத் தக்கவை.

முதல் எதிர்ப்பு, 'இருக்கிற சாலையே போதவில்லை, இதில் நடைபாதைக்கு எங்கே இடம்?' என்பது. இது ஓரளவு உண்மைதான். நம் ஊர்களில் பல தெருக்கள் மிகக் குறுகியவை. ஆனால், அத்தகைய தெருக்களில் தனி நடைபாதை கட்டாயமில்லை. வாகனங்கள் மனிதர் நடக்கும் வேகத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே செல்லும்படி தெருவை அமைத்தால், எல்லாரும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். அகலமான சாலைகளிலோ, இடம் இல்லை என்பது அவ்வளவு சரியல்ல. இடம் இருக்கிறது, அது நின்றுகொண்டிருக்கும் வாகனங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு கார் பத்து மணி நேரம் நிற்கும் இடத்தில் எத்தனை நூறு பேர் நடந்து போகலாம்? ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும் அரசுப் பேருந்தும், ஒருவரை ஏற்றிச் செல்லும் காரும் ஒரே சாலையில் நெரிசலில் நிற்கும்போது, நாம் எண்ண வேண்டியது வாகனங்களையா, மனிதர்களையா? சாலை இடம் வாகனங்களை மையப்படுத்தி அல்ல, மக்களை மையப்படுத்திப் பங்கிடப்பட வேண்டும் என்று மத்திய அரசின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது.

இரண்டாவது எதிர்ப்பு, ஏழை வியாபாரிகளைப் பற்றியது. நடைபாதையை மீட்பது என்றால் பூக்கட்டி விற்கும் அம்மாவையும், செருப்புத் தைக்கும் பெரியவரையும் விரட்டுவதுதானா? பல நகரங்களில் அப்படித்தான் நடக்கிறது. தள்ளுவண்டியைத் தூக்கிச் செல்லும் லாரி, அதே நடைபாதையில் ஏறி நிற்கும் காரைத் தொடுவதில்லை. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம், அவர்களைக் கணக்கெடுத்து, நகர விற்பனைக் குழு வழியாக அவர்களுக்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது. நடப்பவருக்கு ஒரு பகுதி, விற்பவருக்கு ஒரு பகுதி, மரத்துக்கும் மின்கம்பத்துக்கும் ஒரு பகுதி என்று முன்கூட்டியே வரைந்தால், ஒருவர் மற்றவருக்குப் பகையாக வேண்டியதில்லை. மேலும், விளக்கும் வியாபாரமும் மனித நடமாட்டமும் உள்ள தெருவில்தான் இரவில் பெண்கள் அச்சமின்றி நடக்கிறார்கள். ஏழையின் பிழைப்பைப் பறித்து அழகாக்கிய தெருவை, எல்லாருக்கும் உரிய தெரு என்று சொல்ல முடியாது.

இதெல்லாம் நடக்கக்கூடியதா? நடந்திருக்கிறது. நெதர்லாந்து நாட்டில் எல்லாரும் மிதிவண்டி ஓட்டுவதைப் பார்த்து, அது அவர்கள் பரம்பரைப் பழக்கம் என்று எண்ணுகிறோம். 1971ஆம் ஆண்டில் அந்தச் சிறிய நாட்டில் ஏறத்தாழ 3,300 பேர் சாலைகளில் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவுக்கு வந்தார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பதே அவர்கள் தங்கள் இயக்கத்துக்கு வைத்த பெயர். அந்தப் போராட்டமும், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அரசின் போக்கை மாற்றின. தனி மிதிவண்டிப் பாதைகள், வாகனம் ஊர்ந்து செல்லும் குடியிருப்புத் தெருக்கள் எல்லாம் படிப்படியாக வந்தன. அண்மை ஆண்டுகளில் அங்கே சாலை மரணங்கள் ஆண்டுக்கு 700 அளவில் உள்ளன. சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997ஆம் ஆண்டில், சாலையில் ஒரு மரணம்கூட ஏற்கத்தக்கதல்ல என்பதையே கொள்கையாக ஏற்றுக்கொண்டது. மனிதர் தவறு செய்வர், அந்தத் தவறுக்கு மரணம் தண்டனையாகாதபடி சாலையை அமைப்பது அதை அமைப்பவரின் பொறுப்பு என்பது அக்கொள்கையின் அடிப்படை. நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவில் 2019ஆம் ஆண்டு முழுவதும் நடந்து சென்றவரோ மிதிவண்டியில் சென்றவரோ ஒருவர்கூட இறக்கவில்லை. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் 2025ஆம் ஆண்டு ஜூலையோடு முடிந்த 12 மாதங்களில் சாலை விபத்தில் ஒருவரும் இறக்கவில்லை. அந்நகரின் தெருக்களில் பாதிக்கும் மேல் வேக வரம்பு 30 கி.மீ.தான்.

அவை பணக்கார நாடுகள் என்று தள்ளிவிட வேண்டாம். நம் சென்னை மாநகராட்சியும் 2014ஆம் ஆண்டில், நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் முதலிடம் தரும் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. அப்படிச் செய்த முதல் இந்திய நகரம் அதுவே. போக்குவரத்துக்கான நிதியில் 60 விழுக்காட்டை இதற்கு ஒதுக்குவதென்றும், நடப்போர் மரணத்தை முற்றிலும் ஒழிப்பதென்றும் அக்கொள்கை இலக்கு வைத்தது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் தியாகராய நகரின் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. இன்று அங்கே மாலை நேரத்தில் முதியவர்கள் அமர்ந்து பேசுவதையும், குழந்தைகள் கைவிட்டு ஓடுவதையும் காணலாம். ஆனால், அங்கே நடைபாதையில் கடை வைத்திருந்தவர்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஒரு மாடிக் கட்டிடத்துக்கு மாற்றப்பட்டுவிட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பட்டும் நகையும் வாங்க வருவோர் நடக்கும் ஒரு தெரு அழகானது நல்லதுதான். அரசுப் பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கும் செல்லும் தெரு எப்போது அப்படி ஆகும் என்பதே நம் கேள்வி.

சட்டமும் இன்று நம் பக்கம் நிற்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.இராஜசேகரன், சாலை விபத்துகள் குறித்து 2012ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 2025ஆம் ஆண்டு மே 14ஆம் தேதி, நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் கூறியது. மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய நடைபாதைகளை உறுதிசெய்யவும், ஆக்கிரமிப்புகளை அகற்றவும் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவோ, வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், சாலை அமைத்த ஒப்பந்ததாரர், ஆலோசகர், அதிகார அமைப்பு ஆகியோருக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. ஓட்டுநர் மட்டுமல்ல, சாலையை அமைத்தவரும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது.

நம் திருச்சபையும் இதில் முன்பே பேசியிருக்கிறது. பயணிகளுக்கும் குடிபெயர்ந்தோருக்குமான திருப்பீட அவை 2007ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் தேதி, சாலை மேய்ப்புப் பணிக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதிலுள்ள 'ஓட்டுநர்களுக்கான பத்துக் கட்டளைகள்' அப்போது உலகச் செய்தித்தாள்களில் எல்லாம் பேசப்பட்டன. சாலையில் வலுக்குறைந்தவரைக் காக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்பதாவது. அதை ஓட்டுநருக்கு மட்டும் சொல்லாமல், சாலை போடும் பொறியாளருக்கும், நிதி ஒதுக்கும் மன்ற உறுப்பினருக்கும், அவர்களைத் தேர்ந்தெடுக்கும் நமக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டிய நேரம் இது.

அப்படியானால் ஒரு பங்குச் சமூகம் என்ன செய்யலாம்?

நம் ஆலயத்தைச் சுற்றியும் நம் பள்ளியைச் சுற்றியும் அரைக் கிலோமீட்டர் தூரத்தை ஒருநாள் நடந்து பார்க்கலாம். அன்பியங்கள் இதைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரு முதியவர், ஒரு மாற்றுத்திறனாளி, ஒரு பள்ளிச் சிறுமி ஆகியோரைச் சேர்த்து நடந்து, எங்கே இறங்க வேண்டியிருந்தது, எங்கே கடக்க முடியவில்லை, எங்கே விளக்கில்லை என்று குறித்துக்கொள்ளலாம். அந்தக் குறிப்பை கிராம சபையிலும், நகரங்களில் 2022ஆம் ஆண்டு முதல் நடக்கும் பகுதி சபைகளிலும் வைக்கலாம். இந்துச் சகோதரர், இஸ்லாமியச் சகோதரர், வணிகர் சங்கம் என்று தெருவில் உள்ள அனைவரும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு மனுவுக்கு வலிமை அதிகம். தெரு எல்லாருக்கும் பொது அல்லவா?

நம் வாசலிலிருந்தே தொடங்கவும் வேண்டும். ஞாயிறு திருப்பலி வேளையில் ஆலயத்தின் முன் உள்ள நடைபாதை, நடப்பவருக்குத் திறந்திருக்கிறதா? ஆலயப் படிகளின் அருகே சாய்தளம் உண்டா? பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் வாசலின் முன் வாகனங்கள் முண்டியடிக்காதபடி, சற்றுத் தொலைவிலேயே பிள்ளைகளை இறக்கி, கடைசி நூறு அடியை அவர்கள் பாதுகாப்பாக நடந்துவர ஏற்பாடு செய்ய முடியுமா? பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்கலாம்.

இன்னொன்று, நம் நடைப்பயணத் திருப்பயணிகள். ஆகஸ்ட் 29ஆம் தேதி கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8ஆம் தேதி அன்னையின் பிறப்பு விழா வரை, வேளாங்கண்ணியை நோக்கி காவி உடையணிந்து எத்தனை ஆயிரம் பேர் நடக்கிறார்கள்! கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் நாற்கரச் சாலைகளின் ஓரத்திலும், லாரிகளின் வெளிச்சத்தில், இரவெல்லாம் நடக்கும் இவர்களுக்கு நடக்க ஓர் ஓரப்பாதை இல்லை. ஒளிரும் பட்டைகள் அணிவது, குழுவுக்கு முன்னும் பின்னும் விளக்கு ஏந்துவது போன்றவற்றைப் பங்குகளே செய்யலாம். ஆனால், அந்தச் சாலைகளில் நிலையான ஓரப்பாதை வேண்டும் என்று மறைமாவட்டங்கள் சேர்ந்து நெடுஞ்சாலைத் துறையிடம் கேட்டால், அது திருப்பயணிகளுக்கு மட்டுமல்ல, அந்தச் சாலையோரக் கிராமங்களில் ஆண்டு முழுவதும் நடக்கும் ஒவ்வொருவருக்கும் பயன்படும். பழனிக்கும் சபரிமலைக்கும் நடப்பவர்களுக்கும் இதே தேவை உண்டு.

அன்பு நெஞ்சங்களே, சாலையில் இறந்தவர்களுக்காக நாம் ஏற்றும் மெழுகுதிரி வீணல்ல. அடிபட்டவரைத் தூக்கும் கையும் என்றும் தேவை. அவற்றோடு, அடுத்த ஆண்டு அதே இடத்தில் இன்னொருவர் விழாதபடி தடுக்கும் முயற்சியும் சேரட்டும். நம் ஊரில் எந்த இடத்தில் மக்கள் அடிக்கடி அடிபடுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். இந்த நவம்பரில் நம் பங்கில் அப்படிப்பட்ட ஓர் இடத்தையாவது தேர்ந்துகொள்வோம். அது சரியாகும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.